பூமித்தந்தை பிர்ஸா முண்டா

நிலத்தின் பாத்தியதையைப் பற்றிப் பேசுங்கால் பட்டா, பத்திரம், அடங்கல் முதலியவற்றையே நாம் முதலில் நினைக்கிறோம். ஆனால், பத்திரமென்பது தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே காட்டைத் திருத்தி, கல்லைப் பொறுக்கி, வரப்பிட்டு உழுதுண்டோர் இவ்வுலகில் இருந்தனர். அவர்களுடைய பாத்தியதை வழக்கத்தில் நின்றதேயன்றிக் காகிதத்தில் நிற்கவில்லை. காகிதத்தைக் கொண்டே நியாயம் வழங்கும் ஆட்சி வந்தபோது அவ்வழக்கம் என்ன கதியடைந்தது, அதில் ஒரு பகுதியையேனும் மீட்பதற்கு எத்தகைய விலை கொடுக்க நேர்ந்தது என்பவற்றை அறிய விரும்புவோர், 25 வயது நிரம்புமுன் சிறையில் மாண்ட பிர்ஸா முண்டாவின் சரித்திரத்தை அறிதல் வேண்டும்.

சோட்டா நாகபுரி என்பது இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தில் ராஞ்சியைச் சூழ்ந்துள்ள மேட்டு நிலமாகும். அங்கு வாழும் ஆதிக்குடிகளுள் முண்டாக்கள் ஒரு சாரார். அவர்களுடைய நிலமுறைக்குக் ‘குண்ட்கட்டி’ என்று பெயர். ஒரு குலத்தார் கூடிக் காட்டை வெட்டித் திருத்தி ஊர் அமைப்பார்களாயின், அவ்வூரெல்லைக்குட்பட்ட வயலும் மேடும் காடும் அக்குலத்தார் அனைவர்க்கும் உரியனவாகும். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கை உழுதுண்ணும். அதனை அயலாருக்கு விற்கும் சுதந்தரம் தனியொருவனுக்கு இல்லை. வீட்டுக்கு வேண்டிய மரமும் விறகும், கால்நடைக்கு மேய்ச்சலும், பஞ்ச காலத்தில் உண்ணத்தக்க கிழங்கும் கனியும் ஊர்க்காடு அளித்தது. அக்காட்டில் ஒரு சோலையைத் தெய்வம் உறையுமிடமென்று கோடரி படாமல் காத்து வந்தனர். இறந்தோரின் எலும்புகளை ஊரிலேயே பெருங்கற்களின்கீழ் அடக்கஞ்செய்வது அவர்கள் மரபு. தம் முன்னோர் உறங்கும் அக்கற்களே தங்கள் நிலத்துக்குச் சாசனம் என்று அவர்கள் கருதினர்.

இத்தகைய சாசனத்தைக் கச்சேரி ஏற்குமா? அந்நாட்டு அரசர் தம் சுற்றத்தார்க்கும் பணிவிடை செய்தோர்க்கும் ஊர்களை மானியமாக வழங்கினர். வெளியிலிருந்து வந்த குத்தகைதாரரும் வட்டிக்கடைக்காரரும் பின்னர்ப் பெருகினர். அவர்கள் கையில் எழுத்து இருந்தது. முண்டாக்களிடமோ கல் இருந்தது. ஆங்கிலேயர் நியாயஸ்தலங்களில் முண்டாக்களின் பாஷையும் செல்லவில்லை, அவர்களுடைய வழக்கமும் செல்லவில்லை. நிலத்தைத் திருத்தியவனே அதற்கு வாரம் செலுத்துபவனானான். கூலியின்றி வெட்டி வேலை செய்யும் நிர்ப்பந்தமும் அவன்மேல் வந்து சேர்ந்தது. 1831, 1832-ம் வருஷங்களில் பெருங்கலகம் மூண்டு அடக்கப்பட்டது. 1869-ம் வருஷத்தில் ஒரு சட்டம் பிறந்து, ஆதிக்குடிகளின் நிலங்களில் ஒரு பகுதி அளக்கப்பட்டதாயினும், குண்ட்கட்டி ஊர்களின் குறை தீரவில்லை. முண்டாத் தலைவர்கள் பல்லாண்டுகள் விண்ணப்பங்கள் எழுதி அலைந்தும் பலன் காணவில்லை.

இந்நிலையில் 1875-ம் வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி உளிஹாட்டு என்னும் சிற்றூரில் சுகானா முண்டாவுக்கும் கர்மிக்கும் பிர்ஸா பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். பெற்றோர் பிழைப்பை நாடி ஊர் ஊராகச் சென்றனர். சிறுவர் ஆடு மேய்த்தார். புல்லாங்குழல் வாசிப்பதில் வல்லவரானார். பின்னர்ச் சாயிபாசாவிலுள்ள ஜெர்மன் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பயின்றார். நிலத்துக்காகப் போராடிய முண்டாத் தலைவர்களுக்கும் பாதிரிமாருக்கும் பிணக்கு நேர்ந்த அக்காலத்தில், அவர் பள்ளியையும் அம்மதத்தையும் விட்டு நீங்கினார். அதன்பின் வைஷ்ணவர் ஒருவரிடம் சிலகாலம் இருந்து, பூணூலும் துளசியும் தரித்தார். 1893, 1894-ம் வருஷங்களில் ஊர்ப்பொதுத் தரிசுகளைச் சர்க்கார் காட்டிலாகா கைக்கொள்ளத் தொடங்கவே, அதனை எதிர்த்தோருடன் அவரும் சேர்ந்தார்.

1895-ம் வருஷத்தில் அவர் தம் ஜனங்களுக்குப் போதிக்கத் தொடங்கினார். தெய்வம் ஒன்றே, மதுவை விலக்குக, பலியிடுதலை ஒழிக்க, வீட்டையும் ஊரையும் தூய்மையாக வைத்துக்கொள்க என்பனவே அவர் உபதேசத்தின் சாரம். நோயாளிகளுக்கு அவர் பணிவிடை செய்தார். ஆயிரக்கணக்கானோர் சால்காட்டில் அவரை நாடி வந்து, ‘தர்த்தி ஆபா’, அஃதாவது பூமித்தந்தை, என்று வணங்கினர். வெள்ளையர் ஆட்சி நீங்கி நிலம் மீளும் என்ற நம்பிக்கை அவர்களிடையே பரவக் கண்ட சர்க்கார், அவ்வருஷமே அவரைக் கைதுசெய்து இரண்டு வருஷம் சிறையிலிட்டது.

விடுதலையான பின்னர் அவர் இரவுகளில் மலைக்குன்றுகளின்மேல் கூட்டங்கள் கூட்டினார். 1899-ம் வருஷம் டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கலகம் வெடித்தது. போலீஸ் ஸ்டேஷன்களும் கிறிஸ்தவ தேவாலயங்களும் அம்புக்கும் நெருப்புக்கும் இலக்காயின. குற்றமற்றோரும் அதில் துன்புற்றனர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அதனை நாம் புகழவும் இல்லை. ஆயினும், நாற்பது வருஷமாக மனுக்கொடுத்தோரை ஒருவரும் செவிமடுக்கவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று. 1900-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி சைல் ரகப் குன்றில் கூடியிருந்தோர்மேல் படையினர் சுட்டனர். வில்லும் கோடரியும் துப்பாக்கிக்கு எம்மாத்திரம்? மாண்டோருள் பெண்களும் இருந்தனர். பிப்ரவரி மாதத்தில் பிர்ஸா காட்டில் பிடிபட்டார். விசாரணை முடியுமுன், ஜூன் மாதம் 9-ந் தேதி, ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தார். வாந்திபேதியே காரணமென்று சர்க்கார் அறிவித்தது.

நிற்க. அவர் தோற்றார் என்று கூறுதல் எளிது. ஆனால் பின் நிகழ்ந்தவற்றையும் நோக்குவோமாக. 1902-ம் வருஷத்தில் சர்க்கார் அந்நாட்டை அளந்து பதியத் தொடங்கியது. 1903-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் குண்ட்கட்டி முறையை ஒப்புக்கொண்டது. முண்டாக்களிடையே வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்ற ஹாப்மன் பாதிரியார் அவ்வழக்கங்களை எடுத்துரைத்து உதவினார். 1908-ம் வருஷத்தில் சோட்டா நாகபுரிக் குடிவாரச் சட்டம் நிறைவேறி, ஆதிக்குடிகளின் நிலம் அயலார் கைக்குச் செல்வதற்குத் தடை விதித்தது. வெட்டி வேலைக்கும் தடை வந்தது. வயல்களோடு நில்லாமல், ஊரார் காட்டில் மரமெடுக்கவும் கால்நடை மேய்க்கவும் பெற்றிருந்த உரிமைகளும் பதிவேட்டில் ஏறின. கல்லில் இருந்த சாசனம் இவ்வாறு காகிதத்திலும் ஏறிற்று.

எழுதிவிட்டமையால் மட்டும் காவல் அமைந்துவிடவில்லை. சட்டம் இருந்தும் வஞ்சனையாலும் கடனாலும், பின்னர்ச் சுரங்கம், அணை, தொழிற்சாலை ஆகியவற்றின் பொருட்டும், பல ஊர்கள் நிலமிழந்தன. பிர்ஸாவின் பிறந்த நாளாகிய நவம்பர் 15-ந் தேதியன்றே 2000-ம் வருஷத்தில் ஜார்க்கண்டு தனி மாநிலமாயிற்று. அம்மாநிலச் சட்டசபையே 2016-ம் வருஷத்தில் அப்பழஞ் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவை நிறைவேற்றியது. ஜனங்கள் கிளர்ந்தெழுந்தனர், 2017-ம் வருஷத்தில் ஆளுநர் மசோதாவைத் திருப்பியனுப்ப, அரசு அதனைக் கைவிட்டது. விழித்திருப்போர் இல்லையேல் ஏடு எவ்வாறு நிலத்தைக் காக்கும்?

இவ்வுண்மையைப் பிற தேசத்தாரும் உணர்ந்துள்ளனர். ஆப்பிரிக்காவிலுள்ள மொசாம்பிக் தேசத்தில் 1997-ம் வருஷத்து நிலச்சட்டம், பத்திரமில்லாதோரும் வழக்கத்தின்படி அனுபவித்துவரும் நிலத்துக்கு உரிமையுடையர் என்று வகுத்து, ஊராரின் வாய்ச்சாட்சியத்தையும் ஏற்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தனக்கே உரியதென்று நம்புகிறவனே மரத்தை வேரோடு வெட்டாமல் கிளை கழித்து விடுவான். நாளை இருப்போமோ என்று ஐயுறுகிறவன் இன்றே அனைத்தையும் எடுத்துக்கொள்ளத் துணிவான். ஆதலின் உரிமையைக் காத்தல் மண்ணைக் காத்தலுமாகும்.

நமது சங்க அன்பர்களுள் பெரும்பாலோர் கையில் பட்டா உண்டு. ஆகையால் இச்சரித்திரம் நமக்கன்று என்று எண்ணலாகாது. பிர்ஸாவின் ஜனங்களை நிலமிழக்கச் செய்தவர்கள் அரக்கரல்லர். கையில் எழுத்து உடையவர்கள், அவ்வளவே. நம் ஊர்களில் மேய்ச்சல் தரையும், குளத்தங்கரையும், வண்டிப்பாதையும் எவர் பெயரிலும் பட்டாவின்றிக் கிடக்கின்றன. அவற்றை நம்பி வாழும் ஏழைகளுக்குப் பத்திரமில்லை. நம் வரப்பை ஓரடி தள்ளி வைக்கும் ஆசை எழும்போது, அக்கற்களின்கீழ் உறங்கும் முன்னோரை நாம் நினைத்துக்கொள்வோமாக. ஊர்ப்பொதுவை ஊரறிய அளந்து, ஏட்டில் ஏற்றி, எல்லோருமாகக் காத்தலே அவ்விளைஞருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதையாகும்.