வீரரை அளக்கும் கோல்: ஜாக் ஜான்ஸன் சரித்திரம்

குத்துச்சண்டை வீரர்களுள் பெரியவர் யார் என்ற விவாதம் அவ்விளையாட்டு உள்ளவரையில் ஓயப்போவதில்லை. வெற்றிகளை எண்ணிப் பார்த்தால் போதும் என்பர் ஒரு சாரார். எத்தனை பேரை வென்றார் என்பதைவிட எத்தகையோரை வென்றார் என்பதே முக்கியம் என்பர் வேறு சிலர். கோதாவிற் காட்டிய வித்தையை மட்டும் பார்க்க வேண்டும் என்பாரும், கோதாவுக்கு வெளியே அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்பாரும் உளர். இந்நான்கு கட்சியாரும் தத்தமக்குச் சாட்சியாக அழைக்கக்கூடிய வீரர் ஒருவர் உண்டு. குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் என்னும் தலையாய பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதற் கறுப்பரான ஜாக் ஜான்ஸனே அவர். அவர் இறந்தது 1946-ஆம் வருஷத்தில்; அவரைப் பற்றிய வழக்கோ இன்னும் முடிந்தபாடில்லை. ஆகவே அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறி, அதன்பின் தீர்ப்பை ஆராய்வோம்.

ஜான்ஸன் 1878-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த கால்வெஸ்டன் என்னும் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமை காரணமாக இளமையிலேயே அவர் துறைமுகத்திற் கூலி வேலைக்குச் சென்றார். குத்துச்சண்டையைக் கற்றதும் அத்தகைய கூட்டத்தினரிடையேதான். 1901-ஆம் வருஷத்தில் ஜோ சாயின்ஸ்கி என்னும் பழுத்த வீரர் கால்வெஸ்டனுக்கு வந்து, அவரை மூன்றாவது சுற்றில் வீழ்த்தினார். பரிசுக்காகச் சண்டையிடுவது அப்பொழுது டெக்ஸாஸில் சட்டவிரோதமாகையால், வென்றவரையும் தோற்றவரையும் அதிகாரிகள் ஒருங்கே கைது செய்து ஒரே சிறையில் அடைத்தனர். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்த அச்சிறைவாசம் ஜான்ஸனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. சாயின்ஸ்கி அவருடன் பயிற்சிச் சண்டையிட்டு, அடியைத் தவிர்க்கும் நுட்பங்களையெல்லாம் போதித்தார். எதிரியின் குத்தை வழியிலேயே கையாற் பிடித்து நிறுத்துவதும், அவன் களைக்கும் வரையில் பொறுத்திருந்து பிறகு தாக்குவதும் பிற்காலத்தில் ஜான்ஸனுக்கே உரிய முறையென்று பெயர் பெற்றன.

வித்தை கைவந்தது, பட்டத்துக்கு வழிதான் அடைபட்டிருந்தது. அந்நாட்களில் ஹெவிவெயிட் பட்டத்தைச் சுற்றி நிறத் தடை என்னும் வேலி ஒன்று இருந்தது. எழுதப்பட்ட சட்டம் எதுவுமில்லை. பட்டம் வைத்திருந்த வெள்ளையர் கறுப்பருடன் சண்டையிட மறுப்பதே சட்டமாக நின்றது. ஜான் எல். ஸல்லிவன் இவ்வழக்கத்தை வெளிப்படையாக அனுசரித்தார். மேற்கிந்தியத் தீவொன்றிற் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பீட்டர் ஜாக்ஸன் என்னும் கறுப்பர், 1891-ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுக்கள் சண்டையிட்டும் வெற்றி தோல்வி ஏற்படவில்லை. மறு வருஷம் கார்பெட்டுக்கு ஸல்லிவனுடன் சண்டையிடும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் வென்று பட்டம் பெற்றார். ஜாக்ஸனுக்கு அந்த வாய்ப்பு ஆயுள் முழுவதும் கிடைக்கவில்லை. 1899-இற் பட்டம் பெற்ற ஜேம்ஸ் ஜெப்ரீஸ், அதற்கு முன்பு கறுப்பர்களுடன் சண்டையிட்டவரே. பட்டம் கைக்கு வந்தபின் அவரும் அதே வேலிக்குள் புகுந்துகொண்டார். 1903-ஆம் வருஷத்தில் கறுப்பர்களுக்கென்று தனியே வகுக்கப்பட்டிருந்த பட்டத்தை ஜான்ஸன் வென்று, ஜெப்ரீஸைச் சண்டைக்கு அழைத்தார். ஜெப்ரீஸ் இணங்கவில்லை. 1905-இல் ஒருவருக்கும் தோலாதவராகவே ஓய்வு பெற்று, தமது நிலத்தைப் பயிரிடச் சென்றுவிட்டார்.

பின்னர்ப் பட்டம் கனடா தேசத்தவரான டாமி பர்ன்ஸிடம் வந்தது. ஜான்ஸன் அவரை இங்கிலாந்துக்கும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் பின்தொடர்ந்து சென்றார். 30,000 டாலர் கொடுத்தால் சண்டைக்கு வருவதாகப் பர்ன்ஸ் விலை கூறினார். ஹியூ மாக்கின்டாஷ் என்னும் பந்தய முதலாளி அதைக் கொடுக்க முன்வந்தார். ஜான்ஸனுக்குக் கிடைத்ததோ 5,000 டாலர். 1908-ஆம் வருஷம் டிஸம்பர் 26-ந் தேதி ஸிட்னி நகரில் அப்பந்தயம் நடைபெற்றது. ஆரம்ப முதலே ஜான்ஸன் சிரித்துக்கொண்டும் எதிரியுடன் பேசிக்கொண்டும் விளையாடினார். 14-ஆவது சுற்றில் பர்ன்ஸ் அடியோடு வீழும் நிலையில் போலீஸார் குறுக்கிட்டனர். படமெடுக்கும் கருவிகளும் அச்சமயத்தில் நிறுத்தப்பட்டன. பட்டம் ஜான்ஸனுடையதாயிற்று.

இந்த வெற்றியை வெள்ளையரிற் பெரும்பாலோர் பொறுக்கவில்லை. ஸிட்னியில் பந்தயத்தை நேரிற் கண்டு எழுதிய நாவலாசிரியர் ஜாக் லண்டன், ஜெப்ரீஸ் மீண்டும் வந்து பட்டத்தை மீட்க வேண்டுமென்று பத்திரிகை வாயிலாக அழைப்பு விடுத்தார். அதுவரையில் வேறு வெள்ளை வீரர்கள் முயன்று பார்த்தனர். 1909-இல் ஸ்டான்லி கெட்சல் என்னும் சிறிய எடையுள்ள வீரர் 12-ஆவது சுற்றில் ஜான்ஸனைத் தரையில் விழச் செய்தார். ஜான்ஸன் எழுந்த மறுகணமே கெட்சல் நினைவிழந்து கிடந்தார். இறுதியில் ஜெப்ரீஸ் இணங்கினார். உடலிற் சேர்ந்திருந்த 100 பவுண்டுக்கு மேற்பட்ட எடையைக் குறைத்து, 1910-ஆம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, அமெரிக்கர்களின் சுதந்திரத் திருநாளன்று, நெவாடா மாகாணத்து ரீனோ நகரிற் கோதாவில் இறங்கினார். 45 சுற்றுக்களுக்கு ஏற்பட்ட பந்தயம் 15-ஆவது சுற்றில் முடிந்தது. தம் வாழ்நாளில் ஒருமுறையும் கீழே விழுந்தறியாத ஜெப்ரீஸ் அன்று விழுந்து எழுந்து மீண்டும் விழுந்தார்.

அன்றிரவே அமெரிக்காவின் பல நகரங்களிற் கலகம் மூண்டது. கொண்டாடிய கறுப்பர்களை வெள்ளையர் கூட்டங்கூட்டமாகத் தாக்கினர். பலர் உயிரிழந்தனர், அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பர்கள். பந்தயப் படத்தைக் காட்டக் கூடாதென்று பல நகரங்களில் தடை பிறந்தது. 1912-இல் அமெரிக்கக் காங்கிரஸ், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்குக் கொண்டுபோவதைத் தடுத்துச் சட்டமியற்றியது. அச்சட்டம் 1940 வரையில் நீடித்தது. ஒரு மனிதரின் இரு கைகளுக்குப் பதில் கூற ஒரு தேசத்தின் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்றால், அக்கைகளின் வலிமைக்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

கோதாவில் வீழ்த்த முடியாதவரை நியாயஸ்தலத்தில் வீழ்த்த முயற்சி நடந்தது. பெண்களைத் தீய நோக்கத்துடன் மாகாண எல்லை கடந்து அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கும் மான் சட்டம் என்பது 1910-இல் அமலுக்கு வந்திருந்தது. பெண்களைப் பிடித்து விற்கும் கூட்டத்தாரை அடக்குவதே அதற்குக் கூறப்பட்ட முகாந்தரம். ஜான்ஸன் வெள்ளைப் பெண்களுடன் பழகியதும் அவர்களை மணந்ததும் பலருக்குக் கண்ணிற் குத்திய முள்ளாக இருந்தன. 1912-இல் லூஸில் காமெரான் என்னும் பெண்ணை முன்னிட்டு அவரைக் கைது செய்தனர். அப்பெண் ஸர்க்கார் கட்சிக்குச் சாட்சி சொல்ல மறுத்ததோடு, அவ்வருஷ முடிவுக்குள் அவரையே மணந்துகொண்டார். உடனே முன்பு அவருடன் பழகிய வேறொரு பெண்ணைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினர். 1913-இல் வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி அவரைக் குற்றவாளியென்றது. ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முதலிற் குற்றவாளியைத் தீர்மானித்துக்கொண்டு அதன்பின் குற்றத்தைத் தேடுவதற்கு வழக்கு விசாரணை என்று பெயரில்லை.

அப்பீல் முடியுமுன் ஜான்ஸன் கனடா வழியாகப் பிரான்ஸுக்குச் சென்றுவிட்டார். ஏழு வருஷங்கள் அந்நிய நாடுகளில் திரிந்தார். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி க்யூபாவின் ஹவானா நகரில், தம்மினும் மிக உயரமான ஜெஸ் வில்லர்டிடம் 26-ஆவது சுற்றிற் பட்டத்தை இழந்தார். தாம் வேண்டுமென்றே தோற்றதாகப் பிற்காலத்தில் அவரே கூறினார். தோற்க எண்ணியவர் கொளுத்தும் வெயிலில் 25 சுற்றுக்கள் பாடுபட்டிருக்க மாட்டார். ஆதலால் தோற்றவர் தம் தோல்விக்குக் கூறும் சமாதானமாகவே அதை நாம் கொள்ள வேண்டும். 1920-இல் தாய்நாடு திரும்பிச் சரணடைந்து, லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்து, 1921-இல் வெளிவந்தார். பட்டம் மீண்டும் அவரை அணுகவில்லை. 1946-ஆம் வருஷம் ஜூன் 10-ந் தேதி வடக்குக் கரோலினாவில் மோட்டார் விபத்தில் மாண்டார். 2018-ஆம் வருஷம் மே மாதத்தில், தண்டனை பெற்று 105 வருஷங்கள் கழிந்தபின், ஜனாதிபதி டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தவறிழைத்தது ஸர்க்கார், மன்னிப்புப் பெற்றது ஜான்ஸன்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். வெற்றிகளின் எண்ணிக்கை இவ்வழக்கில் உதவாது. தக்க வயதில் தக்க எதிரி மறுக்கப்பட்டவருடைய கணக்கை, எல்லாக் கதவுகளும் திறந்திருந்தவருடைய கணக்குடன் ஒப்பிடுதல் நியாயமாகாது. ஓய்வு பெற்றுத் தளர்ந்திருந்த ஜெப்ரீஸை வென்றது பெரிதா என்று கேட்போர் உளர். இளமையில் ஜெப்ரீஸ் வர மறுத்ததற்கு ஜான்ஸன் எவ்வாறு பொறுப்பாளியாவார்? வித்தையைப் பொறுத்தவரையில் விவாதத்துக்கு அதிக இடமில்லை. ரிங் பத்திரிகையை ஸ்தாபித்தவரும் தலைமுறை தலைமுறையாக வீரர்களைக் கண்டவருமான நாட் பிளைஷர், ஹெவிவெயிட் வீரர்களில் ஜான்ஸனுக்கே முதலிடம் கொடுத்தார்.

நடத்தையென்னும் கோலைப் பற்றி ஒரு பாகுபாடு அவசியம். அவர் பகட்டாக உடுத்தியதும், மோட்டார்களை அதிவேகமாக ஓட்டியதும், நிறம் பாராது மணந்ததும் அக்காலத்தார் அவர்மீது சுமத்திய குற்றங்கள். வெள்ளையரான வேறொரு வீரர் செய்திருந்தால் இவற்றை உல்லாசம் என்றிருப்பர். ஆயின் அவர் தம் மனைவி எட்டாவை அடித்தது வேறு விஷயம். 1912-இல் தற்கொலை செய்துகொண்ட அம்மாதரை அவர் கொடுமையாக நடத்தினாரென்று அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கின்றனர். இதை அவருடைய எதிரிகளின் துவேஷத்தோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. அவருடைய வீரத்தைக் காட்டி மன்னிக்கவும் முடியாது.

எஞ்சியிருப்பது எத்தகையோருடன் சண்டையிட்டார் என்னும் கேள்வி. நமது அபிப்பிராயத்தில் வழக்கின் உயிர்நிலை இதுவே. பட்டம் என்பது வென்றவரின் சொந்தச் சொத்தன்று. தகுதியுள்ளவர் எவர் வந்து கேட்டாலும் சோதனைக்கு வைக்க வேண்டிய பொறுப்பு அது. வைத்திருப்பவர் அதற்குத் தருமகர்த்தா. அந்தத் தருமத்தில் ஜெப்ரீஸ் தவறினார். பணத்துக்காகவேனும் பர்ன்ஸ் அதைப் பாதி நிறைவேற்றினார். ஜான்ஸன் செய்ததென்ன? அக்காலத்தில் ஸாம் லாங்போர்டு, ஜோ ஜெனெட், ஸாம் மாக்வி என்னும் மூன்று கறுப்பு வீரர்கள் இருந்தனர். உடல் எடையில் தம்மினும் மிகக் குறைந்த லாங்போர்டை ஜான்ஸன் 1906-இல் வென்றதுண்டு. அதன்பின் லாங்போர்டு வளர்ந்து யாவரும் அஞ்சும் வீரரானார். ஆனால் பட்டம் பெற்ற ஜான்ஸன் இம்மூவரில் ஒருவருக்கும் அதற்காகப் போட்டியிட வாய்ப்பளிக்கவில்லை. 1913-இல் பாரிஸில் அவர் பட்டத்தைப் பணயம் வைத்து எதிர்த்த ஒரே கறுப்பர் பாட்லிங் ஜிம் ஜான்ஸன். அம்மூவரின் வரிசையிற் சேராதவர். கறுப்பர் இருவர் மோதினால் வெள்ளையர் கட்டணம் கொடுத்துப் பார்க்க வரமாட்டார் என்பது காரணமாகக் கூறப்பட்டது. ஜெப்ரீஸும் பர்ன்ஸும் கூறிய சமாதானங்களுக்கு இதுவும் உடன்பிறந்ததே. வேலியை உடைத்து உள்ளே சென்றவர், உடைத்த இடத்தைத் தம் கையாலேயே அடைத்துவிட்டார்.

பின்னர் 22 வருஷங்கள் ஒரு கறுப்பருக்கும் அப்பட்டம் கிட்டவில்லை. ஹாரி வில்ஸ் என்னும் சிறந்த வீரர் வருஷக்கணக்காகக் காத்திருந்து வயது கடந்துபோனார். 1937-இற் பட்டம் பெற்ற ஜோ லூயிஸை அவருடைய பொறுப்பாளர்கள், வெள்ளைப் பெண்களுடன் படமெடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிரியைக் கண்டு சிரிக்கக் கூடாது என்று ஜான்ஸனுக்கு நேர்மாறாக வளர்த்தனர். அந்த நிபந்தனைகள் அநியாயமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் லூயிஸ் பட்டத்தை 25 முறை காத்தபொழுது, வெள்ளையரோடு கறுப்பரும் அவர்முன் எதிரிகளாக நின்றனர். தருமகர்த்தாவின் கடமை முழுமையாக நிறைவேறியது அப்பொழுதுதான்.

ஆதலால் வித்தையில் ஜான்ஸன் முதல் வரிசையைச் சேர்ந்தவர். எதிரியும் கூட்டமும் ஸர்க்காரும் ஒருங்கே பகைத்தபொழுதும் தலை வணங்காத துணிவில் அவருக்கு இணை கூறுவது கடினம். பட்டத்தைத் தேடிச் சென்றவராக அவர் மிகப் பெரியவர். பட்டத்தை வைத்திருந்தவராக அவ்வளவு பெரியவரல்லர். 1944-ஆம் வருஷத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கண்ணிழந்து வறுமையில் வாடிய ஒரு கிழவரைப் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். அவர்தான் ஸாம் லாங்போர்டு. ஜான்ஸனின் புகழைப் பேசும் சபையில் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நீதியாகும்.