இரும்புலைமுன் ஆனந்த குமாரசுவாமி

கலைப்புலவர் என்றே ஆனந்த குமாரசுவாமியை நாம் போற்றுகின்றோம். அவர் முதலிற் பயின்றது கல்லும் மண்ணுமே என்பதைப் பலர் நினைப்பதில்லை.

சேர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதுக்கும் மகனாக, 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இல் தேறினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்கு இயக்குநராய் அமர்ந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தவரும் இவரே.

கனிப்பொருள் தேடி அலைந்த அந்நாளில், பலாங்கொடைப் பகுதியிலே பழைய முறையில் இரும்புருக்குவோர் ஒரு சிலர் எஞ்சியிருந்தனர். களிமண் உலை, மரக்கரி, துருத்தி. இவையே அவர்தம் கருவிகள். கனிநூல் வல்லார் வேறொருவராயின் தாதுவை நிறுத்து எழுதிக்கொண்டு அப்பாற் போயிருப்பர். குமாரசுவாமியோ தொழிலாளரின் செய்கை முழுவதையும் நின்று நோக்கினார்.

அவ்வுலையிலிருந்து வழிந்தோடும் கழிவைக் கிட்டம் என்போம். நாட்பட்ட கிட்டமே மண்டூரம் என மருந்தாகிறது. கிட்டத்திலே இரும்பு மிகுதியாய்த் தங்கிவிடுவதால் நம் நாட்டு முறை அறியாமையால் விளைந்த வீண்செலவு என்று இகழ்வார் உளர். இஃது இரசாயனம் அறியாதார் கூற்று. தாதுவோடு கலந்த மணலின் சாரம் சிலிக்கா. அதன் அணுக்கள் வலைபோற் பின்னிக் கிடத்தலின், உருகினும் பாகாய்த் தடித்து நகராது. இரும்புத் துணுக்குகள் ஒன்றுகூடவும் இடங்கொடாது. அவ்வலையை அறுக்கும் பொருளொன்று வேண்டும். இக்காலப் பேருலைகளில் சுண்ணாம்பு அதனைச் செய்கிறது. அளவு மீறினால் திண்துகள் படிந்து கிட்டம் மீண்டும் தடிக்கும். சுண்ணாம்பு சேர்க்காத சிற்றுலையிலோ, இரும்பின் ஒட்சைட்டே வலையை அறுக்கிறது. அதுவும் சிலிக்காவும் கூடிய ஃபயலைட் ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் உருகிவிடும். அதன் எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு இரும்பு ஒட்சைட்டு. ஒரு பங்கு இரும்பை விலையாய்க் கொடுத்தே மறுபங்கை மீட்டனர் அக்கொல்லர். அதனை வீண் என்பதெங்ஙனம்?

கண்டவற்றைக் குமாரசுவாமி 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் சேர்த்தார். இரும்புருக்கும் தொழிலும் ஓவியமும் ஒரே நூலில் இடம்பெற்றன. அவர்க்கு அவை வேறல்ல. 1917 முதல் பொஸ்தன் அரும்பொருளகத்திற் பணிபுரிந்து, 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில் மறைந்தார். நம் காரைதீவு ஈன்ற விபுலானந்த அடிகள், அறிவியற் கலைச்சொல்லுக்கு உழைத்தவர், அவ்வாண்டு ஜூலையிலேயே மறைந்தார். ஓராண்டில் இரு பேரிழப்பு.

பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவெவச் சரிவுகளிலே, மேற்கு நோக்கிய பழைய உலைகள் பல அகழ்ந்து காணப்பட்ட செய்தி 1996இல் நேச்சர் இதழில் வந்தது. துருத்தியின்றிப் பருவக்காற்றே அவற்றை ஊதியதாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் நாம் கச்சான் என்னும் அதே காற்று.