மருந்தும் ஓர் அமானிதமே! - ஹகீம் அஜ்மல் கான் வாழ்வு தரும் பாடம்

நோய் வந்துற்றபோது மருந்து தேடுவது இறைநம்பிக்கைக்கு முரணான செயலன்று. நிவாரணமில்லாத நோய் எதனையும் அல்லாஹ் இறக்கி வைக்கவில்லை என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குப் புகட்டிய பாடமாகும். அந்நிவாரணத்தை அறிந்தோரும் உண்டு, அறியாதோரும் உண்டு என்றும் அவர்கள் உணர்த்திச் சென்றார்கள். இதன் உட்பொருளைச் சிறிது சிந்தியுங்கள். மருந்து முன்னரே படைக்கப்பட்டுவிட்டது. அதனைத் தேடிக் கண்டறியும் பொறுப்பு மட்டுமே மனிதனிடம் விடப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. முன்னோர் பன்னூறு ஆண்டுகள் கையாண்டு வந்த மருந்தைச் சோதனைக்கு உட்படுத்துவது அவர்களை ஐயுறுவதாகுமா? நம் இல்லங்களில் இதுபற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பழையது என்பதனாலேயே அதனைக் குறையற்றது என நம்புவோர் ஒருபுறம். பழையது என்பதனாலேயே அதனைப் பயனற்றது எனத் தள்ளுவோர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் தம் வாழ்வையே விடையாக அளித்துச் சென்றவர், மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான் (ரஹ்) ஆவார்.

அவர் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மாநகரில் பிறந்தார். முகலாய மன்னர்களின் காலந்தொட்டு மருத்துவத்தில் பெயர் பெற்று விளங்கிய ஷரீஃபி குடும்பம் அவருடையது. தந்தையார் ஹகீம் மஹ்மூத் கான், தமையன்மார் அப்துல் மஜீத் கான், வாசில் கான் ஆகிய மூவரும் கைதேர்ந்த ஹகீம்கள். அஜ்மல் கான் இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழ் ஆனார். அரபியும் பார்ஸியும் கற்றார். பின்னரே நாடி பார்க்கவும் நுஸ்கா எழுதவும் வீட்டுப் பெரியோரிடம் பயின்றார். இறைமறை முதலிலும் மருத்துவம் அதன் பின்னருமாக அமைந்த அந்த வரிசை, அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது எனலாம்.

1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்று ஏறத்தாழ பத்தாண்டுகள் அங்குப் பணியாற்றினார். அவ்வூரின் புகழ்பெற்ற நூலகத்திலிருந்த அரபு, பார்ஸி ஏட்டுப் பிரதிகளைக் கற்றறியும் பெரும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டிற்று. தமையன்மார் இருவரும் அடுத்தடுத்துக் காலமானதும், குடும்பத்தின் மருத்துவப் பணியும் மூத்த தமையனார் நிறுவிய திப்பிய்யா மதரஸாவும் அவர் தோள்மீது வந்து சேர்ந்தன.

அந்நாளைய நிலையை நீங்கள் அறிய வேண்டும். ஹகீம்கள் பலர் தம் கைமருந்தின் இரகசியத்தைப் பிள்ளைகளுக்கன்றிப் பிறருக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லப்படாமலே மண்ணோடு மண்ணாகிப்போன நுஸ்காக்கள் எத்தனையோ! மறுபுறம், ஆங்கில ஆட்சியாளர் நாட்டு மருத்துவத்தை மதிக்கவில்லை. மேனாட்டு மருத்துவம் பயின்றோரை மட்டுமே பதிவு செய்யும் சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1912இல் நிறைவேறிற்று. வீட்டிற்குள் பூட்டி வைத்தால் கலை அழியும். வெளியே கொண்டுவந்தால் ஏளனத்திற்கு ஆளாகும். இத்தகைய நெருக்கடியில் ஹகீம் சாஹிப் எதனைத் தேர்ந்தார்?

அவர் கதவைத் திறந்துவிட்டார். வைத்தியர்களையும் ஹகீம்களையும் ஒரே மன்றத்தில் இணைக்கும் அகில இந்திய மாநாட்டை 1910இல் கூட்டினார். பெண்களும் மருத்துவமும் பேறுகால உதவியும் பயிலத் தனிப்பள்ளி ஒன்றைத் தில்லியில் அமைத்தார். 1911இல் ஐரோப்பா சென்று இலண்டன், பாரிஸ், பெர்லின் முதலிய நகரங்களில் மருத்துவமனைகளையும் கல்லூரிகளையும் பார்வையிட்டார். மதரஸா கல்லூரியாக வளர்ந்தது. தில்லி கரோல்பாக்கில் அதற்குரிய கட்டடத்திற்கு 1916இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்ட, 1921 பிப்ரவரி 13 அன்று காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார். அங்கு ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு மேனாட்டார் வளர்த்த உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் சேர்க்கப்பட்டன. இந்துஸ்தானி தவாகானா என்னும் தம் மருந்தகத்தின் வருவாயையும் அக்கல்லூரிக்கே உரித்தாக்கினார்.

அவருடைய பொதுவாழ்வை நாடறியும். கிலாபத் இயக்கத்தில் முன்னின்றார். அரசு தமக்களித்த ஹாஸிகுல் முல்க் என்னும் பட்டத்தை 1920இல் துறந்தார். மக்களோ மஸீஹுல் முல்க் என்னும் பட்டத்தை அன்புடன் அவருக்குச் சூட்டினர். 1921இல் அகமதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் முதல் வேந்தராக இறுதிவரை அதனைத் தாங்கி நின்றார். இத்தனை அலுவல்களுக்கிடையிலும் ஓர் எண்ணம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை. ஒரு மூலிகை நோயைக் குணப்படுத்துகிறது என்றால், அதனுள் எப்பொருள் குணப்படுத்துகிறது? எந்த அளவில்? அளவு மீறினால் என்ன நேரும்? இவற்றைச் சோதித்தறிய வேண்டும் என்பதே அவ்வெண்ணம்.

இதற்கென அவர் ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். 1897இல் அயோத்தி மாகாணத்தைச் சேர்ந்த பாராபங்கி மாவட்டத்தில் பிறந்த சலீமுஸ்ஸமான் சித்தீகி என்பவரே அவர். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் வேதியியல் பயின்று 1927இல் டாக்டர் பட்டம் பெற்றவர். திப்பிய்யா கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அப்பணி வேரூன்றுவதற்கு முன்னரே, 1927 டிசம்பர் 29ஆம் நாள் ராம்பூரில் ஹகீம் சாஹிப் இதயநோயால் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

விதைத்தவர் சென்றுவிட்டார், விதை முளைத்தது. அஸ்ரோல் என ஹகீம்களும் சர்ப்பகந்தா என வைத்தியர்களும் அழைத்த செடியின் வேரைச் சித்தீகி ஆராயத் தொடங்கினார். உறக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த வேர் அது. அதனைப் பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, கரைந்து வந்த சாற்றிலிருந்து ஆல்கலாய்டுகள் எனப்படும் காரப்பொருள்களைப் படிப்படியாகப் பிரித்தார். 1931இல் ஐந்து பொருள்கள் படிகங்களாகக் கிடைத்தன. மூன்று வெண்ணிறமானவை, இரண்டு மஞ்சள் நிறமானவை. வெண்ணிறப் பொருள்களுள் ஒன்றிற்குத் தம்மை ஆதரித்த பெரியாரின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அந்த அஜ்மலின், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீர்செய்யும் மருந்தாகப் பின்னாளில் பயன்பட்டது. வெளித்தோற்றத்தில் நலமாகவே இருந்து, திடீரென உயிரைப் பறிக்கவல்ல ஒருவகை இதயக் கோளாற்றை மருத்துவமனைகளில் வெளிப்படுத்திக் காட்டும் சோதனைக்கும் இன்று அது பயன்படுகிறது. இதயநோயால் மறைந்தவரின் பெயர் இதய மருந்தொன்றில் நிலைத்திருப்பதை என்னென்பது!

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. அதே 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை ஆங்கில மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் நகரில் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்தே ரெசர்பின் என்னும் மற்றொரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிக்கும் மருந்தாக அது உலகெங்கும் பரவிற்று. அதனை உட்கொண்டோருள் சிலருக்குக் கடும் மனச்சோர்வு உண்டாவதும் பிறகு கண்டறியப்பட்டது.

சகோதரர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரே வேருக்குள் இறைவன் பல பொருள்களைப் பொதிந்து வைத்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு செயல். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. நம் முன்னோர் அவ்வேரைப் பற்றிக் கூறியது பொய்யாகவில்லை. சோதனை அதனை மெய்ப்பித்தது. அதே வேளையில் முன்னோர் கண்ணுக்குப் புலப்படாத தீங்கையும் சோதனை வெளிப்படுத்திற்று. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று எண்ணி, யாரோ சொன்ன வேரையும் பொடியையும் தாமே வாங்கி உண்போர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். நோயாளியின் உடலும் அல்லாஹ் அளித்த அமானிதமே. அதனைக் கற்றறிந்த மருத்துவரிடம் ஒப்புவிப்பதே முறை.

அச்செடிக்கு நேர்ந்த கதியும் எண்ணத்தக்கது. மருந்திற்காக அளவின்றி வேரோடு தோண்டப்பட்டதால் அது காடுகளில் அருகிற்று. 1990 முதல் அதன் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையொன்றின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மருந்து அமானிதம் என்றால், மருந்தைத் தரும் செடியும் அமானிதமே அன்றோ!

சித்தீகி 1942இல், நம் வீட்டு முற்றங்களில் நிற்கும் வேம்பின் எண்ணெயிலிருந்தும் நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1951இல் பாகிஸ்தான் சென்று, கராச்சியில் ஆராய்ச்சி நிலையங்களை உருவாக்கி, 1994இல் மறைந்தார். கரோல்பாக் கல்லூரி இன்றும் மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. ஹகீம் சாஹிபின் பிறந்த நாளான பிப்ரவரி 11, யுனானி தினமாக ஆண்டுதோறும் இந்தியாவில் கடைப்பிடிக்கப்படுகிறது.

மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன. பயன் தரும் கல்வியோ நின்றுவிடாமல் அவனுக்கு நன்மையைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது என்பது நபிகளாரின் போதனை. ஹகீம் அஜ்மல் கான் நினைத்திருந்தால் தம் குடும்ப நுஸ்காக்களைப் பூட்டி வைத்துப் பொருள் குவித்திருக்கலாம். அவற்றைப் பள்ளிக்கும் சோதனைச்சாலைக்கும் திறந்துவிட்டார். தம் முன்னோரின் கலை சோதனையில் தோற்றுவிடுமோ என அவர் அஞ்சவில்லை. உண்மை சோதனைக்கு அஞ்சாது என்பது அவருடைய ஈமான். அந்தச் சோதனையின் பலனைக் காண அவர் உயிரோடு இல்லை. பலன் மட்டும் நோயாளிகளைச் சென்றடைந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் தாவரவியலோ வேதியியலோ பயில விரும்பினால், அது மார்க்கத்திற்கு அப்பாற்பட்ட உலகக் கல்வி என்று தடுத்துவிடாதீர்கள். படைத்தவன் புல்லிலும் வேரிலும் வைத்துள்ள நிவாரணத்தைத் தேடி எடுத்து, அவன் அடியார்களுக்கு அளிப்பதும் நல்லமலே. அத்தகைய பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு அருளி, நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிபாவை அளிப்பானாக! ஆமீன்.