எர்னெஸ்ட் ஜோசப் பெல்லோக்

எர்னெஸ்ட் ஜோசப் பெல்லோக் (ஆகஸ்ட் 19, 1873 - அக்டோபர் 3, 1949) ஐக்கிய அமெரிக்காவின் துறைமுக நகரான நியூ ஓர்லென்சைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். அந்நகரின் ஸ்டோரிவில் பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களை 1912 ஆம் ஆண்டளவில் இவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. இவர் வாழ்ந்த காலத்தில் அவற்றை மிகச் சிலரே அறிந்திருந்தனர்.

வாழ்க்கை

பெல்லோக் பிரெஞ்சு கிரியோல் வழிவந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒளிப்படக்கலையைப் பின்னர் தொழிலாக்கிக் கொண்டார். கப்பல் கட்டும் நிறுவனத்திற்காகக் கப்பல்களையும் இயந்திரங்களையும் படமெடுத்தார்.

ஸ்டோரிவில்

பாலியல் தொழிலைக் குறிப்பிட்ட சில தெருக்களுக்குள் அடக்க 1897 இல் நகர மன்றம் விதி இயற்றியது. அதை முன்மொழிந்த உறுப்பினர் சிட்னி ஸ்டோரியின் பெயரே அப்பகுதிக்கு வழங்கலாயிற்று. மதுக்கூடங்களும் நடன அரங்குகளும் நிறைந்திருந்த அங்கு, ஜெல்லி ரோல் மார்ட்டன் போன்ற ஜாஸ் இசைக்கலைஞர்கள் இரவுதோறும் வாசித்தனர். முதலாம் உலகப் போரின்போது கடற்படையின் வற்புறுத்தலால் 1917 நவம்பரில் அது மூடப்பட்டது.

படங்கள்

இரவுக் களியாட்டங்கள் இப்படங்களில் இல்லை. பெண்கள் பகல் வெளிச்சத்தில் தம் அறையிலோ கொல்லைப்புறத்திலோ ஓய்வாகக் காணப்படுகின்றனர். ஒருவர் கோடிட்ட காலுறையுடன் மதுக் கோப்பை ஏந்தியுள்ளார். ஒருவர் நாயுடன் இருக்கிறார். சிலர் சிறந்த ஆடை அணிந்தும், சிலர் ஆடையின்றியும் உள்ளனர். பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுக்க நேரம் பிடிக்கும் என்பதால் அப்பெண்களின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. பலரின் பார்வையில் தெரியும் இயல்பு, அவர்கள் இவரை நம்பியதைக் காட்டுகிறது.

சில தகடுகளில் முகங்கள் கீறப்பட்டுள்ளன. குருவாகிய இவருடைய தம்பி கீறியதாக முன்னர் கருதப்பட்டது. பூச்சு ஈரமாக இருந்தபோதே சில கீறப்பட்டதாகத் தெரிவதால், பெல்லோக்கே அவ்வாறு செய்திருக்கலாம் என்பது பிற்காலக் கருத்து.

மறுகண்டுபிடிப்பு

பெல்லோக் இறந்த பின் 89 தகடுகள் எஞ்சியிருந்தன. ஒளிப்படக் கலைஞர் லீ பிரீட்லாண்டர் 1958 இல் அவற்றைக் கண்டு, 1966 இல் விலைக்கு வாங்கினார். பெல்லோக் காலத்து முறையிலேயே, தகட்டைத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் படிகள் எடுத்தார். இன்று பரவலாகக் காணப்படும் படங்கள் பெரும்பாலும் இவையே. 1970 இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டு, நூலாகவும் வெளிவந்தன. 1978 இல் லூயி மால் இயக்கிய பிரிட்டி பேபி என்ற கற்பனைத் திரைப்படத்தில் பெல்லோக் ஒரு பாத்திரமாக இடம்பெற்றார்.

படம்பிடித்தவரின் பெயர் இவ்வாறு மீட்கப்பட்டாலும், படங்களிலுள்ள பெண்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை.