சான்றிதழ் இல்லாத மாணவன் கண்ட கதிர்



எக்ஸ்-ரே எடுக்காத வீடு நம் ஊரில் உண்டா? சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக் கொண்ட தம்பி, ராத்திரி முழுக்க இருமும் தாத்தா, வேலையில் சேருமுன் மெடிக்கல் செக்கப்புக்குப் போகும் அண்ணன்... எல்லோரும் அந்த மெஷின் முன்னால் மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றவர்கள்தான். அந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியில் வந்து போகிற பெயர். அந்த ஒரு வரியில் வராத சங்கதி ஒன்று உண்டு. அவர் பாலிடெக்னிக் என்ற பெயர் கொண்ட கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து டிப்ளமோ வாங்கியவர்! மெக்கானிக்கல் நண்பர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம்.

துரத்தப்பட்ட மாணவன்

1845 மார்ச் 27-ஆம் தேதி, ஜெர்மனியில் லென்னெப் என்ற சிறிய ஊரில் ராண்ட்ஜன் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. அம்மா ஹாலந்து நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் ஹாலந்தில் உள்ள அபெல்டோர்ன் என்ற ஊருக்குக் குடிபோனது. படிப்பில் பெரிய புலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காடு மேடு சுற்றுவதும், கையால் ஏதாவது இயந்திர சாமான் செய்து பார்ப்பதும்தான் பையனுக்குப் பிடித்த வேலைகள்.

பிறகு உட்ரெக்ட் நகரத்தில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் வந்தது வினை. ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து யாரோ ஒரு மாணவன் படம் வரைந்து விட்டான். பழி ராண்ட்ஜன் தலையில் விழுந்தது. வரைந்தவன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்ல மறுத்து விட்டார். பள்ளியை விட்டே நீக்கி விட்டார்கள். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசு!

இந்த நீக்கம் அவரை விடாமல் துரத்தியது. பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். அது அவரிடம் இல்லை. 1865-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நுழைந்து பார்த்தார். முழு மாணவராகச் சேர முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரப் பாலிடெக்னிக்கில் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு என்று கேள்விப்பட்டார். போனார், சேர்ந்தார். ஒன்றை இங்கே சொல்லி விட வேண்டும். அது நம்முடையதைப் போன்ற மூன்று வருஷப் படிப்பு அல்ல. பெயர்தான் பாலிடெக்னிக், தரத்தில் பெரிய பொறியியல் கல்லூரி. 1868-ல் அங்கே மெக்கானிக்கல் என்ஜினியர் டிப்ளமோ வாங்கினார். அடுத்த வருஷமே ஜூரிச் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கி விட்டார்.

மூடிய கதவும் திறந்த கதவும்

ஆகஸ்ட் குன்ட் என்ற பேராசிரியர் இவருடைய கைத்திறமையைப் பார்த்துத் தம்முடைய உதவியாளராக வைத்துக் கொண்டார். 1870-ல் குருவோடு ஜெர்மனியில் உள்ள வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார் ராண்ட்ஜன். அங்கே விரிவுரையாளர் ஆகும் தகுதி கேட்டபோது கதவை அடைத்து விட்டார்கள். காரணம்? பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லையாம்! கையில் டாக்டர் பட்டம் இருக்கிறது. இருந்தும் பழைய காகிதத்தைக் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் மார்க் ஷீட்டும் டி.சி.யும் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கின்றன. ஒரு காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ராண்ட்ஜன் சோர்ந்து உட்காரவில்லை. 1872-ல் குன்ட் ஸ்ட்ராஸ்பர்க் போனபோது கூடவே போனார். அதே வருஷம் பெர்த்தா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். பெர்த்தாவின் அப்பா ஜூரிச்சில் ஓட்டல் கடை நடத்தியவர். 1874-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. 1879-ல் கீசென் நகரில் பேராசிரியர். 1888-ல் வூர்ஸ்பர்க் அழைத்தது. ஆமாம், கதவை அடைத்த அதே வூர்ஸ்பர்க்! இந்த முறை பேராசிரியராக அழைத்தார்கள். 1894-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆக்கினார்கள்.

ஏழு வாரம்

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை சாயங்காலம். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் இண்டக்ஷன் காயில் வழியாக அதிக வோல்டேஜ் மின்சாரம். அந்தக் காலத்து ஆராய்ச்சிக்கூடங்கள் பலவற்றில் இருந்த சாமான்தான். குழாயைக் கறுப்பு அட்டையால் வெளிச்சம் கசியாமல் மூடியிருந்தார். அறை இருட்டு. மின்சாரத்தைப் போட்டதும், கொஞ்ச தூரத்தில் கிடந்த ஒரு திரை மினுமினுத்தது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற உப்பு பூசிய திரை அது. வெளிச்சமே வராத குழாய், வெளிச்சம் கண்ட திரை. இது எப்படி?

இதே மாதிரிக் குழாயை வைத்து மற்றவர்களும் சோதனை செய்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் கூட்ஸ்பீட் என்ற பேராசிரியரும் அவருடைய நண்பரும் 1890-லேயே தங்களுக்குத் தெரியாமல் நாணயத்தின் எக்ஸ்-ரே நிழலைப் பிளேட்டில் பிடித்திருந்தார்கள். ஏதோ கோளாறு என்று எடுத்து வைத்து விட்டார்கள். ராண்ட்ஜன் செய்தியைக் கேட்ட பிறகுதான் அந்தப் பிளேட்டைத் தேடி எடுத்தார்கள். பார்த்தும் விட்டு விட்டவர்கள் அவர்கள். விடாமல் பார்த்தவர் ராண்ட்ஜன்.

உடனே ஊரைக் கூட்டி அவர் தம்பட்டம் அடிக்கவில்லை. ஏழு வாரம் ஆராய்ச்சிக்கூடமே கதி. சாப்பாடும் தூக்கமும் அங்கேயே. குழாய்க்கும் திரைக்கும் நடுவில் சுமார் ஆயிரம் பக்கப் புத்தகத்தை வைத்தார், கதிர் தாண்டியது. சீட்டுக்கட்டு, மரக்கட்டை, அலுமினியம் என்று ஒவ்வொன்றாக வைத்தார். ஈயம் மட்டும் ஒன்றரை மி.மீ. தடிப்பிலேயே கதிரைத் தடுத்து விட்டது. கையை வைத்தபோது எலும்பின் நிழல் தெரிந்தது. டிசம்பர் 22-ஆம் தேதி மனைவியை அழைத்துக் கையைப் போட்டோ பிளேட்டின் மேல் வைக்கச் சொன்னார். சுமார் 15 நிமிஷம் ஆடாமல் வைத்திருந்தார் அந்த அம்மாள். எலும்பும் மோதிரமும் பதிந்தன. டிசம்பர் 28-ல் கட்டுரையைக் கொடுத்தார். இன்னதென்று தெரியாத கதிர் என்பதால் கணக்கில் போடுகிற எக்ஸ் என்ற எழுத்தையே பெயராக வைத்தார்.

1896 ஜனவரி முதல் வாரத்திலேயே செய்தி உலகமெங்கும் பரவியது. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே எழுதி வைத்தார். பேடன்ட் எடுத்திருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். எடுக்கவில்லை. கதிர் எல்லோருக்கும் பொது என்று விட்டு விட்டார். பெயருக்கு முன்னால் பிரபுப் பட்டம் தருகிறோம் என்றார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லி விட்டார்.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. 1919-ல் பெர்த்தா இறந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் விலைவாசி தலைகால் தெரியாமல் ஏற, சேர்த்து வைத்த பணம் காற்றில் போனது. 1923 பிப்ரவரி 10-ஆம் தேதி, குடல் புற்றுநோயால் மியூனிக் நகரில் காலமானார். வயது 77.

கதிரைச் சேமிக்கும் தட்டு

அவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த பேரியம் திரை இன்னும் போகவில்லை! எப்படி என்கிறீர்களா?

முன்பெல்லாம் எக்ஸ்-ரே என்றால் பிலிம். எடுத்ததும் இருட்டறைக்கு ஓட வேண்டும். டெவலப்பர், பிக்ஸர், தண்ணீர், காய வைப்பது... அந்த இருட்டறையை ஒழித்துக் கட்டிய முறைக்குப் பெயர் கம்ப்யூட்டட் ரேடியோகிராபி. சுருக்கமாக சி.ஆர். 1975-ல் அமெரிக்காவின் கோடக் கம்பெனியைச் சேர்ந்த ஜார்ஜ் லக்கி இதன் அடிப்படைக்குப் பேடன்ட் பெற்றார். 1983-ல் ஜப்பானின் பியூஜி கம்பெனி இதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய கேசட் மாதிரியே இருக்கும். உள்ளே பிலிம் இல்லை, ஒரு தட்டு. அதில் பூசியிருப்பது பேரியம் புளோரோஹாலைடு. அதோடு துளியளவு யூரோப்பியம் என்ற உலோகம். மறுபடியும் பேரியம்! ராண்ட்ஜனின் திரை கதிர் பட்டதும் அங்கேயே ஒளிர்ந்து தீர்ந்து விடும். இந்தத் தட்டோ ஒரு பங்கைச் சேமித்து வைக்கும். கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி, படிகத்தில் உள்ள சிறு சிறு குழிகளில் மாட்டிக் கொள்ளும். சதை வழியே நிறையக் கதிர் வந்த இடத்தில் நிறைய எலக்ட்ரான். எலும்பு தடுத்த இடத்தில் கொஞ்சம். கண்ணுக்குத் தெரியாத படம் ரெடி.

அப்புறம் தட்டு ரீடருக்குள் போகும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பேப்பர் மெதுவாக நகர, ஹெட் குறுக்கே ஓடுகிறதே, அது போலத் தட்டு நகர, சிவப்பு லேசர் குறுக்கே ஓடும். லேசர் பட்டதும் குழியில் கிடந்த எலக்ட்ரான் விடுபடும். அப்போது நீல ஊதா வெளிச்சம் வரும். சிவப்பைப் பில்டர் தடுத்து விட, நீலத்தை மட்டும் போட்டோமல்டிப்ளையர் குழாய் பிடித்து மின்சாரமாக மாற்றும். அந்த மின்சாரம் எண்ணாக மாறும். ஒவ்வொரு புள்ளியும் 0.1 முதல் 0.2 மி.மீ. அளவு. 35-க்கு 43 செ.மீ. தட்டில் 0.2 மி.மீ. புள்ளி என்று கணக்குப் போட்டால் சுமார் 37 லட்சம் புள்ளிகள் வரும்! 12 பிட் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 4096 சாம்பல் படிகள்.

அதற்கு மேல் கம்ப்யூட்டர் வேலை. கதிர் பட்ட எல்லை எது என்று முதலில் கண்டுபிடிக்கும். எந்த எண் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று ஹிஸ்டோகிராம் போடும். இது நெஞ்சா, முழங்காலா என்பதற்கு ஏற்ப வெளிச்சத்தையும் கறுப்பையும் சரி செய்து, ஓரங்களைக் கூர்மையாக்கித் திரையில் காட்டும். கடைசியில் பளிச்சென்ற வெள்ளை விளக்கைக் காட்டி, தட்டில் மிச்சமிருப்பதை அழித்து விடுவார்கள். கரும்பலகையைத் துடைத்த மாதிரி! அதே தட்டு ஆயிரக்கணக்கான தடவை உதவும். ஒரு எச்சரிக்கை: படம் எடுத்து விட்டு டீ குடிக்கப் போய் விடக் கூடாது. 8 மணி நேரம் கிடந்தால் சேமித்ததில் சுமார் கால்வாசி கரைந்து விடும். இப்போது கேசட்டே இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பும் பிளாட் பேனல் வந்து விட்டது. ஆனாலும் பழைய எக்ஸ்-ரே மெஷினை மாற்றாமலே டிஜிட்டலுக்குப் போகச் சி.ஆர். நல்ல வழி.

மெஷின் மறைக்கும் தப்பு

பிலிமில் கதிர் கூடிப் போனால் படம் கறுத்து விடும்; குறைந்தால் வெளுத்து விடும். ஆபரேட்டர் செய்த தப்பை பிலிமே காட்டிக் கொடுக்கும். சி.ஆர். அப்படி இல்லை. கூடினாலும் குறைந்தாலும் கம்ப்யூட்டர் சரிக்கட்டி விடும். குறைந்தால் படம் பொரிப் பொரியாக இருக்கும், டாக்டர் திட்டுவார். கூடினாலோ படம் ஜோராக இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்! அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைக்கும் பழக்கம் வந்து விடுகிறது. சுமையை ஏற்பது படுத்திருக்கும் நோயாளியின் உடம்பு. தட்டு எவ்வளவு கதிர் வாங்கியது என்று காட்டும் எண் ஒன்று ஒவ்வொரு படத்தோடும் வரும். அதைப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் ஆபரேட்டரின் மனசாட்சி.

இது சின்ன விஷயமா? எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி இந்தக் கதிரோடு பழகிப் பழகி, கைகளை இழந்து, 1904-ல் உயிரையே விட்டார். ராண்ட்ஜன் தம் பிளேட்டுகளில் வேண்டாத கதிர் படாமல் இருக்கத் துத்தநாகப் பெட்டியும் ஈயத் தகடும் வைத்து வேலை செய்தார். பிளேட்டைக் காக்க வைத்த தகடு அவரையும் காத்தது.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை இந்த மெஷின்களை ரிப்பேர் பார்க்கப் போகலாம். சிலர் வேறு மெஷின்களிடம் போகலாம். எந்த மெஷினும் நம் தப்பை மறைத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிற காலம் இது. யாரும் பார்க்காத இருட்டறையில் ஏழு வாரம் தன்னையே சோதித்துக் கொண்ட மனிதரை அப்போது நினைத்துக் கொள்வோம். அவரிடம் சான்றிதழ் இல்லாமல் இருந்தது, கவனம் இருந்தது. நம்மிடம் சான்றிதழ் வரப் போகிறது. கவனத்தையும் சேர்த்துக் கொள்வோம்!