வியாகுல அன்னையின் இசைக் கலைஞர்

செப்டம்பர் 8, நம் அன்னை மரியாவின் பிறப்பு விழா. 1841ஆம் ஆண்டு அதே நாளில், இன்றைய செக் குடியரசிலுள்ள நெலஹோசெவெஸ் என்ற சிற்றூரில் பிறந்தார் அந்தோனின் துவோர்ஷாக். தந்தை விடுதியும் இறைச்சிக்கடையும் நடத்தியவர். மகனோ பிராக் நகர நாடக அரங்கில் வயோலா வாசித்துப் பிழைத்தார். பின்னர் புனித அடால்பெர்ட் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார்.

1875இல் அவருடைய பெண் குழந்தை பிறந்த இரண்டே நாள்களில் இறந்தது. அடுத்த ஆண்டு, சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையைப் பற்றிய ‘ஸ்தாபாத் மாத்தெர்’ பாடலுக்கு இசையமைக்கத் தொடங்கி, முழுமையாக்காமல் ஒதுக்கி வைத்தார். 1877 ஆகஸ்டில், 11 மாதக் குழந்தை ருஷெனா நச்சுக் கரைசலைக் குடித்து இறந்தாள். செப்டம்பர் 8, தந்தையின் பிறந்தநாளன்றே, மூன்று வயது ஒட்டகாரைப் பெரியம்மை கொண்டுபோனது. வீட்டில் மழலைக் குரலே இல்லை. ஒதுக்கி வைத்த தாள்களைத் துவோர்ஷாக் மீண்டும் கையிலெடுத்தார். நவம்பர் 13 அன்று முடித்தார். ஆம், எழுதி முடிக்கும் இசைச்சுவடியின் கடைசிப் பக்கத்தில் இறைவனுக்கு நன்றி எழுதும் வழக்கம் கொண்ட மனிதர் அவர்!

1892 முதல் நியூயார்க்கில் ஓர் இசைப்பள்ளியின் இயக்குநராக இருந்தார். புகழ்பெற்ற செல்லோ கான்செர்ட்டோவை அங்குதான் எழுதினார். அவர் இளமையில் விரும்பிய யோசெஃபீனா, அவருடைய மனைவி அன்னாவின் அக்காள். அவர் நோயுற்ற செய்தி கேட்டு, அவருக்குப் பிடித்த தம் பாடலின் மெட்டை இரண்டாம் பகுதியில் சேர்த்தார். 1895 மே மாதம் யோசெஃபீனா இறந்தார். தாயகம் திரும்பியிருந்த துவோர்ஷாக், அந்த மெட்டு மெல்ல எட்டிப்பார்க்கும்படி முடிவை மாற்றினார். செல்லோ கலைஞரான நண்பர் விஹான், தம் திறமையைக் காட்ட அங்கே ஒரு தனிப்பகுதி சேர்க்க விரும்பினார். இவர் இசையவில்லை, பதிப்பாளருக்கும் அதைக் கண்டிப்பாக எழுதினார்.

1904 மே 1 அன்று துவோர்ஷாக் இறைவனடி சேர்ந்தார்.

64 ஆண்டுகள் கழிந்தன. 1968 ஆகஸ்ட் 21. சோவியத் டாங்கிகள் பிராக் வீதிகளில் நின்ற அதே நாள் மாலை, இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சோவியத் அரசு இசைக்குழுவின் நிகழ்ச்சி. முன்னரே முடிவான பட்டியலில், இந்தச் செக் மனிதரின் கான்செர்ட்டோவும், ஸ்டாலின் இறந்த 1953இல் அரங்கேறிய ஷோஸ்டகோவிச்சின் 10ஆவது சிம்பொனியும் இருந்தன. அந்தச் சிம்பொனியில் கொடுங்கோலாட்சியின் அச்சத்தைக் கேட்பவர்கள் பலர். அரங்கில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. செல்லோ வாசித்த ரஸ்த்ரபோவிச்சும் சோவியத் நாட்டவரே. கண்ணீர் வழிய வாசித்தார். முடிந்ததும், துவோர்ஷாக்கின் இசைச்சுவடியை எடுத்து எல்லாரும் காண உயர்த்திப் பிடித்தார்.