அம்மாவின் முட்டிக்கு ஊசி போடலாமா? மெட்ராஸில் படித்த சுப்பாராவின் கதையில் ஒரு பதில்

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் காரைக்கால் பிள்ளைகளுக்கு இந்த போன் எப்படியும் ஒருநாள் வந்துவிடும். அம்மாவுக்கு முட்டி வலி தாங்கலை. மாடி ஏற முடியலை, தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. பக்கத்து வீட்டு அக்கா முட்டியில ஊசி போட்டுக்கிட்டு ரெண்டே நாள்ல கடைத்தெருவுக்கு நடந்து போறாங்களாம். நமக்கும் போட்டுடலாமா?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு வந்திருப்பது எந்த முட்டி வலி?

நோயின் மூலம் எது என்று தேடியே வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரின் கதை, இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைப் புரியவைக்கும். அவர் பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ். முட்டி வலிக்காரர்களின் மருந்துச் சீட்டில் அவருடைய ஆய்வுக்கூடத்தின் தடம் இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் காரைக்கால் வீடுகளின் உப்பு டப்பாவிலும் இருந்தது.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். வறுமையான குடும்பம். பதின்மூன்று வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவர். அம்மா விடவில்லை, திரும்ப இழுத்து வந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார், அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்.

இளம் வயதிலேயே சகோதரர்கள் இருவரை சில நாட்கள் இடைவெளியில் பறிகொடுத்தார். காரணம் ஸ்ப்ரூ. குடல் சத்தை உறிஞ்சாமல் போய், ரத்தம் வற்றி, ஆள் மெலிந்து சாகும் நோய். அன்றைக்கு அதற்கு மருந்தும் இல்லை, ஏன் வருகிறது என்றும் தெரியாது. இந்த இழப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புக்கு மாமனார் உதவினார். சுதந்திரப் போராட்ட காலம் அது. அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்எம்எஸ் சான்றிதழ்தான் கைக்கு வந்தது. மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுத்தபடி, வெளிநாடு போக வழி தேடினார்.

அமெரிக்காவில் இரவு வேலை

1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, செலவுக்குக் காசு இல்லை. பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியர் வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவுவதும் அதில் அடக்கம். இந்தியாவில் அவருக்குப் பிறந்த மகன் குழந்தையாகவே இறந்துபோனான். அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மனைவி சேஷகிரி இங்கே, அவர் அங்கே. சில வருடங்களில் திரும்பிவிடலாம் என்று போனவர் கடைசிவரை திரும்பவில்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸின் அளவைக் கண்டுபிடிக்கும் முறையை 1925இல் உருவாக்கினார். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை அதுதான். அடுத்து பாஸ்போகிரியேட்டின். 1929இல் ஏடிபி. தசை சுருங்கி விரியச் செலவாகும் சக்தி நாணயம் ஏடிபி. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே சமயத்தில் அதைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

எட்டே வருடங்கள்

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்கு மாறினார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அதன்பிறகு அவர் வாழ்ந்தது எட்டே வருடங்கள். அதற்குள் அவர் தலைமையில் வெளிவந்தவற்றைப் பாருங்கள்.

முதலில், ஃபோலிக் அமிலம். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை அவர் குழு கண்டுபிடித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. 

இரண்டாவது, ஃபோலிக் அமிலத்தைப் போலவே வேஷம் போட்டு, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின் அந்த ஆய்வுக்கூடத்துச் சரக்கு. தற்காலிகமாகவாவது நோய் பின்வாங்கியதை உலகம் முதன்முதலில் பார்த்தது. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், முட்டிக்கு வரும்போது தேவைப்படும்.

மூன்றாவது, முதல் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசின். பெஞ்சமின் டகர் கண்டுபிடித்தது, சுப்பாராவின் பிரிவில். நான்காவது, 1947இல் வந்த டைஎதில்கார்பமசின், சுருக்கமாக டிஇசி. யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவுக்கான மருந்து.

1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. கூட்டு உழைப்பின் பெருமையைத் தன் பெயரில் ஏற்றிக்கொள்ளாதவர் என்பதால் வெளியே பெயர் பரவவில்லை. இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995இல், நூற்றாண்டின்போது.

காரைக்கால் உப்பில் அவர் மருந்து

டெல்டா கடற்கரையில் யானைக்கால் பழைய எதிரி. தேங்கிய நீர், சாக்கடை, கியூலெக்ஸ் கொசு மூன்றும் சேர்ந்த இடம். தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே தனித் துண்டாக இருக்கும் காரைக்காலில், 1980களில் அரசு ஒரு வழியைச் சோதித்தது. டிஇசி கலந்த சமையல் உப்பை மக்களுக்கு வழங்கியது. மாத்திரை விழுங்கச் சொன்னால் பலர் மறப்பார்கள், பயப்படுவார்கள். உப்பைச் சாப்பிடாதவர் யாரும் இல்லையே. ரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ளவர்களின் எண்ணிக்கை பெருமளவு இறங்கியது. சீனா இதே டிஇசி உப்பைப் பெரிய அளவில் பயன்படுத்தி, 2007இல் யானைக்கால் ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. 

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே வீங்கிப்போன காலை அந்த உப்பு பழையபடி ஆக்கவில்லை. புழுவைக் கொன்று, அடுத்தவருக்கு நோய் பரவாமல் தடுத்தது. மருந்து எதைத் தாக்குகிறது, எதைத் தாக்காது என்று தெரிந்து கொடுத்ததால்தான் பலன் கிடைத்தது. முட்டி ஊசிக்கும் இதே கணக்குதான்.

சரி, முட்டிக்கு வருவோம்

முட்டி வலியில் இரண்டு பெரிய வகைகளை நாம் குழப்பிக்கொள்கிறோம்.

மூட்டுத் தேய்மானம்: எலும்பு முனைகளுக்கு மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு மெலிவதும், மூட்டு முழுவதும் மாறுவதும். நடந்தால், படி ஏறினால் வலி, உட்கார்ந்தால் குறையும். காலையில் இறுக்கம் இருந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

முடக்குவாதம்: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. முட்டி மட்டுமல்ல, கைவிரல், மணிக்கட்டு என இரண்டு பக்கமும் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சோர்வும் கூடவே வரும்.

இரண்டாவது வகைக்கு முதல் வரிசை மருந்து மெத்தோட்ரெக்சேட். 1988இல் அமெரிக்கா இதற்காக அதிகாரபூர்வ அனுமதி கொடுத்தது. அதோடு டாக்டர்கள் ஃபோலிக் அமிலமும் எழுதுவார்கள், பக்கவிளைவைக் குறைக்க. வேஷம் போட்ட மருந்தும் அசல் வைட்டமினும் ஒரே சீட்டில், இரண்டும் சுப்பாராவின் கூடத்தில் பிறந்தவை. ஒரு எச்சரிக்கை: இங்கே மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. 

முடக்குவாதத்தைத் தேய்மானம் என்று நினைத்து ஊசி மட்டும் போட்டுக்கொண்டே போனால், வலி அடங்கியிருக்கும், மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எந்த முட்டி வலி என்ற கேள்வி முதலில்.

ஊசி என்ன செய்யும்?

ஸ்டீராய்டு ஊசி: மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்தும் முறையை 1951இல் அமெரிக்க டாக்டர் ஜோசப் ஹாலண்டர் குழு வெளியிட்டது. இன்று பரவலாகப் போடப்படும் ட்ரையம்சினலோன், சுப்பாராவ் இறந்து சில வருடங்களுக்குப் பிறகு லெடர்லியிலேயே உருவானது. அழற்சியை அடக்கி, சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். குருத்தெலும்பை வளர்க்காது. 2017இல் வெளியான ஆய்வில், 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ட்ரையம்சினலோன் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் குறைந்தது. வலியில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜெல் ஊசி: ஹயலூரானிக் அமிலம். மூட்டுக்கு எண்ணெய் விடுவது மாதிரி என்று சொல்வார்கள். 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கிடைக்கும் நிவாரணம் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதாக இல்லை என்று தெரிந்தது.

பிஆர்பி: நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடுவது. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குப் பிறகும் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. இன்னும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? அப்படியில்லை. வலி உச்சத்தில் இருந்து, நடக்கவும் பயிற்சி செய்யவும் முடியாத நேரத்தில், ஒரு ஸ்டீராய்டு ஊசி மூச்சுவிட இடம் தரும். அந்த இடைவெளியில் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். 2020இல் வந்த ஆய்வில், 156 பேரில் பிசியோதெரபி எடுத்தவர்கள் ஒரு வருடம் கழித்து ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எடை குறைவதும் முட்டியின் சுமையைக் குறைக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எந்தப் பிரச்சினை என்று உறுதி செய்துவிட்டீர்களா? ரத்தப் பரிசோதனை தேவையா? ஊசியில் என்ன மருந்து? இதற்கு முன் எத்தனை முறை போட்டிருக்கிறது? சர்க்கரை நோய் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். முட்டி மாற்று அறுவை சிகிச்சை யோசனை இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், நெருக்கத்தில் ஊசி போட்டால் கிருமித் தொற்று ஆபத்து கூடும். ஊசி போட்டபின் முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை அம்மா போன் செய்யும்போது, ஊசியின் விலையை விசாரிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். காலையில எழுந்ததும் கை விரலை மடக்க முடியுதாம்மா, எவ்வளவு நேரம் ஆகுது? அந்தப் பதிலை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.